தோம்பிலிருந்து பெயரட்டை வரை

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பழைய காணி வழக்குகளைப் பற்றிப் பேசும் முதியோர் ‘தோம்பு’ என்னும் சொல்லை வழங்கக் கேட்டிருக்கிறோம். ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரப் பகுதிகளை ஆண்ட காலத்தில் எழுதுவித்த பதிவேடுகளே அவை. காணித் தோம்பு, தலைத் தோம்பு என்பவற்றோடு பாடசாலைத் தோம்பு என்றொன்றும் இருந்தது. கிராமத்தவரின் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அதில் எழுதிவைத்தவர் பாடசாலை உபாத்தியாயர். யாரிடம் எவ்வளவு வரி வாங்கலாம், யாரை ஊழியத்துக்கு அழைக்கலாம் என்பதை அறியாமல் ஓர் அந்நிய ஆட்சி நிலைபெறுதல் அரிது. ஆகவே ஆளப்பட்டவனின் பெயரும் குடும்பமும் நிலமும் முதலில் ஏட்டிலே ஏறின. ஆசிரியத் தொழிலைப் பற்றிப் பெருமை பேசும் நாம், இந்தப் பரம்பரையையும் நினைவிற் கொள்வது நன்று.

பிறரை ஏட்டில் ஏற்றிய அந்த ஒல்லாந்து தேசத்து மக்கள், பிற்காலத்தில் தமது சொந்தப் பதிவேட்டுக்கே இரையான வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

1936ஆம் ஆண்டில் அந்நாட்டரசு ஆளுக்கோர் அட்டை என்னும் முறையைக் கொண்டுவந்தது. பெயர், பிறந்த திகதி, முகவரி, தொழில், மதம் யாவும் ஒரே அட்டையில் அடங்கின. ஒருவர் ஊர்விட்டு ஊர் போனால் அவருடைய அட்டையும் அவரைப் பின்தொடர்ந்து அவ்வூர்க் கந்தோருக்குச் சென்றது. இதிலே கெட்ட நோக்கம் எதுவும் இருக்கவில்லை. மதத்தைக் குறிப்பது நெடுங்கால வழக்கம். அதனால் தீங்கு விளையும் என எவரும் எண்ணவில்லை. பதிவேடுகளுக்குத் தலைமை தாங்கிய லென்ற்ஸ் என்பவர் தமது தொழிலையே தவமாகக் கொண்ட உத்தியோகத்தர்.

1940 மே மாதத்தில் நாஸிப் படை ஒல்லாந்தைக் கைப்பற்றியது. அடுத்த ஜனவரியில், யூத இரத்தத் தொடர்புடையோர் யாவரும் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. சுமார் 1,60,000 பேர் பதிந்தனர். போருக்கு முன் ஒல்லாந்த அரசு ஏற்க மறுத்திருந்த அடையாள அட்டைத் திட்டத்தை லென்ற்ஸ் புதிய எசமானர்களுக்கு நிறைவேற்றிக் கொடுத்தார். யூதரின் அட்டையிலே ‘ஜே’ என்னும் எழுத்துப் பொறிக்கப்பட்டது. அம்ஸ்ரடாம் நகரசபை உத்தியோகத்தர் 1941இல் ஒரு தேசப்படம் வரைந்தனர். தெருத்தெருவாகக் கரும் புள்ளிகள். ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்! அதை வரைந்தவர்கள் துப்பாக்கி ஏந்தியவர்களல்லர். மாதச் சம்பளம் பெற்ற லிகிதர்கள்.

1942 ஜூலையில் நாடுகடத்தல் தொடங்கிற்று. ஒல்லாந்திலிருந்த ஏறத்தாழ 1,40,000 யூதரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர், அதாவது நால்வரில் மூவர் அளவினர், கொல்லப்பட்டனர். பிரான்சிலோ நால்வரில் ஒருவரே மாண்டார். இந்த வேற்றுமைக்குக் காரணங்கள் பல. பதிவேடு மட்டுமே காரணமென்றால் அது மிகைக்கூற்றாகும். ஆயினும் அதன் பங்கு சிறிதன்று.

அதனை அன்றே உணர்ந்தவர்கள் சில கலைஞர்கள். சிற்பி கெரிற் வான் டெர் வேன், ஓவியரும் எழுத்தாளருமான வில்லம் அரொண்டேயஸ் முதலியோர் முதலில் போலி அட்டைகள் தயாரித்துப் பலரைக் காத்தனர். ஆனால் போலி அட்டையைக் கந்தோரிலுள்ள மூல அட்டையோடு ஒப்பிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். ஆகவே மூலத்தையே அழிப்பதென முடிவு செய்தனர். 1943 மார்ச் 27ஆந் திகதி இரவு, பொலிஸ் உடையணிந்து அம்ஸ்ரடாம் பதிவுக் கந்தோருள் நுழைந்தனர். காவலரைக் கொல்லவில்லை, மருந்தேற்றி உறங்கச் செய்து வெளியே கிடத்தினர். இழுப்பறைகளைக் கொட்டி, எரிநெய் ஊற்றி, வெடி வைத்தனர். தீயணைக்க வந்தோரும் அவசரப்படவில்லை. பின்னர் வேண்டியதற்கு அதிகமாகவே நீரைப் பாய்ச்சி எஞ்சிய ஏடுகளை நனைத்தனராம்.

எட்டு லட்சம் அட்டைகளில் அழிந்தவை சுமார் நூற்றுக்குப் பதினைந்து. காட்டிக்கொடுக்கப்பட்ட பன்னிருவர் ஜூலை முதலாந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டனர். அடையாள அட்டைகளின் பிரதிகள் ஹேக் நகரிலும் இருந்தன. அங்கிருந்த கட்டிடத்தை 1944 ஏப்ரலில் பிரித்தானிய விமானங்கள் குண்டுவீசித் தகர்த்தபோது, அங்கே பணிபுரிந்தோர் பலர் மாண்டனர். எழுதிவைத்த ஒன்றை இல்லாமற் செய்வதற்குக் கொடுக்கப்பட்ட விலை அது.

இதைப் பிறநாட்டுக் கதையாக மட்டும் படிக்க நம்மால் இயலாது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்ததைக் கண்டோர் பலர் எழுதிவைத்துள்ளனர். வாக்குரிமையின் ஏடு கொலைஞனுக்கு வழிகாட்டியாயிற்று. அதே ஆண்டு டிசெம்பரில் மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், குடிசனமதிப்பை எதிர்த்த வழக்கிலே, தன்னைப் பற்றிய தகவல் எவ்வாறு பயன்படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மனிதனுக்கு உண்டெனத் தீர்ப்பளித்தது. இந்திய உயர் நீதிமன்றமும் 2017இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஒருமனதாக ஏற்றது.

தோம்பு எழுத உபாத்தியாயர் வேண்டியிருந்தார். அட்டை எழுத லிகிதர் வேண்டியிருந்தார். இன்று நாமே நமது விரலால் எழுதிக்கொடுக்கிறோம். எங்கே உறங்குகிறோம், எதை வாங்குகிறோம், எவரோடு பேசுகிறோம் என்பதைக் கைத்தொலைபேசி குறித்துக்கொள்கிறது. ஏட்டின் சொந்தக்காரன் இப்போது அரசு மட்டுமன்று. விளம்பரத்தில் இலாபம் தேடும் மூலதனமும்தான். முகநூற் பாவனையாளர் 8 கோடியே 70 லட்சம் பேர் வரையினரின் விபரங்கள் ஒரு தேர்தற் பிரசார நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாமென 2018இல் முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இதை அழிக்கச் சிற்பியும் ஓவியரும் போதார். பிரதிகள் எத்தனை, எந்தக் கண்டத்தில் என்பது எவருக்குத் தெரியும்?

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பிரிவுகள் பின்போடப்பட்டன. சட்டம் வரும்வரை காத்திராது செய்யக்கூடியவையும் உள. ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைத்தல், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை ஏற்படுத்தல், தேவையற்ற செயலிக்கு இருப்பிடம் அறியும் அனுமதியை மறுத்தல் ஆகியவை எவருக்கும் எளியன. ஆனால் தனிமனிதரின் பூட்டு மட்டும் போதாது. கேட்கும் இடத்திலேயே குறைத்துக் கேட்கவேண்டும். மாணவரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் புள்ளிகளையும் வாட்ஸப் குழுவிலே பகிரும் பாடசாலைகளை நாம் அறிவோம்.

எமது நண்பரான ஆசிரியர் ஒருவர் அண்மையில் நாவன்மைப் போட்டியொன்றுக்கு இணையவழிப் படிவம் தயாரித்தார். பழைய படிவத்தில் மதம், தந்தையின் தொழில், வீட்டு முகவரி என்ற மூன்று நிரல்கள் இருந்தன. எதற்கென்று அதிபரிடம் கேட்டார். வழக்கமாக இருப்பவை என்பதே பதில். மூன்றையும் நீக்கினார். போட்டி குறித்த நாளில் நடைபெற்றது.