பெட்டிக்குள் வந்த வைன்: கலிபோர்னியா திராட்சைக்காரர்கள் கதை

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறவன் நான். அதனால் திராட்சை என்று எங்கே பேச்சு வந்தாலும் காது அந்தப் பக்கம் போயிரும். கனடாவில் இருக்கிற எங்க அக்கா மகன் வீட்டிலேயே சிவப்பு வைன் போடுறதாகச் சொன்னான். "அம்புட்டு திராட்சைக்கு எங்கடா போறே?" என்று கேட்டேன். "திராட்சையே வேண்டாம் மாமா, எல்லாம் பெட்டியில வருது" என்றான்.

அந்தப் பெட்டிக்கு 'கிட்' என்று பேர். உள்ளே பை நிறையச் சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாறு இருக்கும். கூடவே ஈஸ்ட் பொட்டலம், வண்டலை அடியில் இறக்க ஒரு களிமண் பொடி, வைன் கெடாமல் இருக்க ஒரு உப்பு. பெரிய வாளியில் கொட்டித் தண்ணீர் சேர்த்து 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட்டைத் தூவி மூடி வச்சால், அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றும். ஒன்றரை மாசம், இரண்டு மாசத்தில் 30 பாட்டில் வைன் ரெடி. நம்ம ஊரில் வீட்டில் வைன் போட அனுமதி கிடையாது, அங்கே உண்டு.

எனக்குக் குடி விஷயத்தில் ஆர்வம் இல்லை. ஆனால் திராட்சையைச் சுண்ட வச்சுப் பெட்டியில் அடைச்சு வீட்டுக்கு வீடு விற்கிற யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிச்சேன். அது என்னைக் கொண்டுபோய் விட்ட இடம், நூறு வருஷத்துக்கு முன்னால் விற்காத திராட்சையோடு தவிச்ச கலிபோர்னியா விவசாயிகளிடம்.

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தது. வைன் ஆலைகளுக்குத் திராட்சை கொடுத்துக்கிட்டிருந்த விவசாயிகள், நம்ம கதை முடிஞ்சது என்றுதான் நினைச்சாங்க. சில பேர் பயந்துபோய் கொடியைப் பிடுங்கிட்டு வேற பழ மரம் வச்சாங்க. ஆனால் நடந்தது வேற.

மதுவிலக்குச் சட்டத்தின் 29-வது பிரிவில் ஒரு சந்து இருந்தது. சொந்த வீட்டு உபயோகத்துக்குப் பழச்சாறு தயாரிச்சுக்கலாம், அது 'போதை தராததாக' இருக்கணும் என்று அந்தப் பிரிவு சொல்லியது. கடைச் சரக்குக்கு அரை சதவீதத்துக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம். வீட்டுச் சாறுக்கு அந்த அளவைப் பார்க்கவில்லை. அது நிஜமாகவே போதை தருது என்று அரசாங்கம்தான் நிரூபிக்கணும். வீடு வீடாகப் போய் யார் நிரூபிப்பது? குடும்பத்துக்கு வருஷம் 200 காலன் என்று ஒரு கணக்கும் நடைமுறையில் இருந்தது. நம்ம கணக்கில் சுமார் 757 லிட்டர், கிட்டத்தட்ட ஆயிரம் பாட்டில்!

இத்தாலியில் இருந்து போய்க் குடியேறியவர்களுக்கு வீட்டில் வைன் போடுவது புதுசு இல்லை. நியூயார்க், சிகாகோ ரயில் நிலையங்களுக்கு ஐஸ் கட்டி வச்ச ரயில் பெட்டிகளில் கலிபோர்னியாத் திராட்சை போய் இறங்கியது. ஜனங்க வந்து பெட்டி பெட்டியாக வாங்கிக்கிட்டுப் போய், நிலவறையில் பீப்பாய் வச்சு வைன் போட்டாங்க. மதுவிலக்குக்கு முன்னால் டன் பத்து, இருபது டாலருக்குப் போன திராட்சை, தடை வந்த ஒன்றிரண்டு வருஷத்திலேயே 75 டாலரைத் தாண்டிருச்சு.

விலை ஏறினால் விவசாயி என்ன செய்வான்? இங்கே நாம என்ன செய்வோமோ அதையேதான் அவங்களும் செஞ்சாங்க. கண்ட இடத்திலும் கொடி நட்டாங்க. சில வருஷத்திலேயே கலிபோர்னியாவின் திராட்சைப் பரப்பு இரண்டு மடங்கு ஆயிருச்சு.

அதைவிடப் பெரிய மாற்றம் ரகத்தில் நடந்தது. நல்ல வைன் தருகிற ரகங்களுக்குத் தோல் மெலிசு, கொத்து சின்னது. 4,000 கிலோமீட்டர் ரயிலில் போனால் தாங்காது. 'அலிகான்டே பூஷே' என்று ஒரு ரகம் இருக்கு. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஹென்றி பூஷே என்பவர் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. பொதுவாகக் கறுப்புத் திராட்சைக்குத் தோலில்தான் நிறம் இருக்கும், சதை வெள்ளையாக இருக்கும். இதுக்குச் சதையும் சிவப்பு. தோல் தடிமன், பார்க்கவும் கன்னங்கரேல் என்று இருக்கும். ஒரு தடவை பிழிஞ்ச சக்கையில் சர்க்கரையும் தண்ணீரும் ஊற்றி மறுபடி போட்டாலும் வைன் சிவப்பாகவே வரும். வாங்குகிறவனுக்கு வேற என்ன வேணும்? ருசி சுமார்தான். ஆனால் ரயிலடியில் ருசியை யார் கேட்டாங்க? பல வருஷம் வளர்ந்த அருமையான கொடிகளை வெட்டிட்டு, அதே அடித்தண்டில் இந்த ரகத்தை ஒட்டுக் கட்டினாங்க.

இங்கேதான் கணக்கு உதைச்சது. திராட்சை நட்டால் பலன் வர மூணு வருஷம் ஆகும். விலை உச்சத்தில் இருக்கும்போது எல்லாரும் நட்ட கொடி, எல்லாருக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சது. எங்க பள்ளத்தாக்கில் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அறுக்கிறோம். ஒன்று போனாலும் அடுத்தது இருக்கு. அங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை. 1920-களின் பாதிக்கு மேல் சந்தை நிரம்பி விலை விழுந்தது. கூலியும் ரயில் வாடகையும் கழிச்சால் கையில் ஒன்றும் நிற்காத நிலை.

தேங்கின திராட்சையை என்ன செய்றது என்ற கேள்வியில்தான் பெட்டி வைனின் முன்னோடி பெரிய வியாபாரமாக வளர்ந்தது. திராட்சையை அமுக்கிக் காயவச்சுச் செங்கல் மாதிரிக் கட்டியாகவும் சில பேர் விற்றாங்க. 'இதைத் தண்ணீரில் கரைச்சு ஜாடியில் வச்சிராதீங்க, வைன் ஆயிரும்' என்று எச்சரிக்கையோடு! செய்முறையை இதைவிடத் தெளிவாக யார் சொல்வது?

1929-ல் 'ஃப்ரூட் இண்டஸ்ட்ரீஸ்' என்ற பேரில் திராட்சைக்காரர்களின் பெரிய கூட்டமைப்பு உருவானது. விவசாயிகளைக் காப்பாற்ற ஏற்படுத்தின மத்திய பண்ணை வாரியமே அதுக்குக் கடன் கொடுத்தது. அவங்க கொண்டுவந்த சரக்கின் பேர் 'வைன்-குளோ'. சுண்டின சாறை உங்க வீட்டுக்கே பீப்பாயில் கொண்டுவந்து, ஆள் வந்து தண்ணீர் கலந்து வச்சுட்டுப் போவாராம். 60 நாள் கழிச்சு மறுபடி வந்து பாட்டிலில் அடைச்சுக் கொடுப்பாராம். அந்த அமைப்புக்கு வக்கீல் யார் தெரியுமா? மேபல் வில்லபிரான்ட். அதுக்கு முன்னால் எட்டு வருஷம் அரசாங்கத்தின் பக்கம் இருந்து மதுவிலக்கு வழக்குகளை நடத்திய அம்மா!

ஒரு பக்கம் அரசாங்கம் வைனைத் தடுக்குது, இன்னொரு பக்கம் அதே அரசாங்கத்தின் கடனில் வைன் ஆகிற சாறு விற்குது. 1931-ல் இதே மாதிரி வியாபாரம் செய்த இன்னொரு கம்பெனிக்கு எதிராகக் கன்சாஸ் சிட்டி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. வைன்-குளோவையும் நிறுத்திட்டாங்க. 1933 டிசம்பரில் மதுவிலக்கே போச்சு.

அப்போதுதான் அடுத்த அடி. ஆலைகள் திறந்து நல்ல வைன் போட நல்ல திராட்சையைத் தேடினால், தோட்டம் பூராவும் ரயிலுக்காக நட்ட தடித்தோல் ரகம். பழைய ரகங்கள் பெரிய அளவில் திரும்பி வரப் பல பத்து வருஷம் ஆச்சு. சட்டம் போட்டதும் எடுத்ததும் 14 வருஷத்துக்குள் முடிஞ்ச விஷயம். தோட்டத்தில் அதன் தழும்பு ஆற அதைவிட ரொம்ப நாள் ஆச்சு.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுறேன் என்றால், எங்க பக்கத்திலும் பன்னீரை எடுத்துட்டு, தூரம் தாங்குகிற விதையில்லா ரகத்துக்கு மாறலாமா என்று பேச்சு நடக்குது. எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. பன்னீர் சீக்கிரம் உதிரும், தூரம் போகாது, விதை வேற இருக்கு. ஆனால் அந்த வாசனை வேற எதுக்கு வரும்? 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு.

மாறவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய மண்டி விலையைப் பார்த்து நடுகிற கொடி, மூணு வருஷம் கழிச்சு வருகிற விலைக்குத்தான் காய்க்கும். அதையும் நம்ம பக்கத்துத் தோட்டக்காரர் என்ன நடுறார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடணும். நான் இந்தக் கவாத்துக்குப் பன்னீரை அப்படியே வச்சிருக்கேன். பந்தலில் ஓரமாக நாலு வரிசை மட்டும் புது ரகம் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கேன்.