மாதம் ஒருக்கா வந்த நீல நிலா

எங்கள் வாசிப்பு வட்டத்துத் தோழி ஒருத்தி ஒரு வேலைக்கான நேர்முகத்தேர்வுக்குப் போயிருந்தாள். சொந்த ஊர் மன்னார்ப் பக்கம், இருப்பது கொழும்பில். எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். போயா விடுமுறையோடு சேர்த்து மாதம் ஒருக்கா போகிறவள் அவள். பதில் கொஞ்சம் அழகான ஆங்கிலமாக இருக்கட்டுமே என்று, "வன்ஸ் இன் எ புளூ மூன்" என்றாள். அப்படியென்றால் அம்மாவின் முகமே மறந்திருக்குமே என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்களாம். வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு வசனத்தால்தான் கிடைக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அதன்பிறகு வட்டத்தில் ஆங்கிலப் பக்கம் ஏதாவது வாசிக்க நேர்ந்தால் அவள் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறாள்.

"மூன் எண்டால் போயாதானே, போயா மாதம் ஒருக்கா வாறதுதானே" என்றாள் எங்களிடம். யோசித்துப் பார்த்தால் அவள் கணக்கில் பிழையே இல்லை. முழுநிலா என்றால் அரச விடுமுறை, இறைச்சிக்கடையும் மதுக்கடையும் பூட்டு என்று ஒரு நாட்டில் வளர்ந்தவளுக்கு நிலா வேறு எதன் அளவுகோலாக இருக்கும்? சரி, இந்த நீல நிலா எங்கிருந்துதான் வந்தது என்று தேடத் தொடங்கினோம். தேடப் போனால், ஆங்கிலேயருக்கே இந்தச் சொல் ஒரு இடத்தில் நின்றதில்லை என்று தெரிந்தது.

ஆங்கில எழுத்தில் நீல நிலா தலைகாட்டுவது 1528 இல். வில்லியம் றோய், ஜெரோம் பார்லோ என்ற இரண்டு துறவிகள், இங்கிலாந்தின் சக்திவாய்ந்த மதகுருவான கார்டினல் வூல்சியைத் தாக்கி எழுதிய அங்கதக் கவிதை நூல் அது. இங்கிலாந்தில் அச்சிட முடியாமல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அச்சானது. குருமார் நிலா நீலம் என்று சொன்னாலும் நாம் நம்பித்தான் ஆகவேண்டும் என்பது அதில் வரும் கிண்டல். அங்கே நீல நிலாவுக்கும் காலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அப்பட்டமான பொய். அதிகாரத்தில் உள்ளவன் சொன்னால் அந்தப் பொய்யையும் விழுங்கவேண்டும் என்பதற்கான உதாரணம்.

நடக்கவே நடக்காத ஒன்று என்ற பொருளிலிருந்து, எப்போதாவது நடக்கும் ஒன்று என்ற பொருளுக்கு அந்தச் சொல் மெல்ல நகர்ந்தது. 1821 இல் லண்டன் வாழ்க்கையைப் பற்றி வந்த ஒரு நூலில், கனகாலமாய் ஆளைக் காணோம் என்று சொல்ல நீல நிலாவை இழுக்கிறார்கள். 1830களில் இன்று நாம் அறிந்த முழுத்தொடரும் அச்சில் வந்துவிட்டது. எங்கள் தாத்தாமார் "காகம் வெள்ளையாய்ப் பறக்கட்டும், அப்ப பாப்பம்" என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. பிறகு யாரோ அந்தக் காகத்தை ஒருநாள் உண்மையிலேயே கண்டுவிட்டதுபோல பொருள் இளகிவிட்டது.

உண்மையிலேயே கண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. 1883 ஓகஸ்ட்டில் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தது. அதன் தூசி உலகைச் சுற்றியது. அடுத்த மாதம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. லண்டன் றோயல் சொசைட்டி 1888 இல் வெளியிட்ட பெரிய அறிக்கை இப்படியான சாட்சியங்களைத் திரட்டி வைத்திருக்கிறது. காற்றில் மிதக்கும் துகள்கள் பெரும்பாலும் ஒரே அளவாக, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால், அவை சிவப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தை விட்டுவிடும். 1950 செப்டெம்பரில் கனடாவின் அல்பேட்டா மாகாணக் காட்டுத்தீயின் புகை அத்திலாந்திக்கைக் கடந்து போனபோது ஸ்கொட்லாந்திலும் நீலச் சூரியனையும் நீல நிலாவையும் பார்த்தார்கள். கிரகட்டோவாதான் இந்தத் தொடரைப் பெற்றது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. எரிமலை வெடிக்க அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடர் புழக்கத்தில் இருந்தது.

அடுத்த திருப்பம் இன்னும் சுவையானது. அமெரிக்காவில் மெய்ன் மாநில விவசாயிகளுக்கான பஞ்சாங்கம் ஒன்று வந்துகொண்டிருந்தது. வழமையாக ஒரு பருவத்தில் மூன்று முழுநிலா வரும். நான்கு வந்தால் அதில் மூன்றாவதை நீல நிலா என்றது அந்தப் பஞ்சாங்கம். 1946 மார்ச்சில் 'ஸ்கை அன்ட் ரெலஸ்கோப்' சஞ்சிகையில் ஜேம்ஸ் ஹியூ ப்ரூவெட் என்பவர் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலாதான் நீல நிலா என்று எழுதினார். 1980 இல் ஒரு அமெரிக்க வானொலி நிகழ்ச்சி அதை எடுத்துச் சொல்ல, பிழை ஊரெல்லாம் பரவியது. 1999 இல் அதே சஞ்சிகை தன் பிழையை ஒத்துக்கொண்டது. ஆனால் அதற்குள் பிழைதான் வரைவிலக்கணமாகியிருந்தது. இன்று செய்தியில் நீல நிலா என்றால் பெரும்பாலும் ப்ரூவெட்டின் நிலாதான்.

அந்தக் கணக்குப்படி 19 வருடத்தில் 7 நீல நிலா. ஏறக்குறைய 32, 33 மாதத்துக்கு ஒருக்கா. 2018 இல் ஜனவரியிலும் மார்ச்சிலும் இரண்டிரண்டு முழுநிலா வந்தன, நடுவில் பெப்ரவரிக்கு ஒன்றுமே இல்லை. எங்கள் நாட்காட்டியிலும் சில வருடங்களில் 13 போயா வரும். மேலதிகமாக வருவதற்கு முன்னால் 'அதி' என்று சேர்ப்பார்கள். ஆக நீல நிலா நம் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதை நாங்கள் நீலமாகப் பார்க்கவில்லை, லீவாகப் பார்த்தோம், அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கணக்கை நம்பி வசனம் எழுதினால் மறுபடியும் மாட்டுப்படுவோம். தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடப்பதால் "வன்ஸ் இன் எ புளூ மூன்" நடக்கிறது என்று எழுத முடியாது. திகதி குறிக்கக்கூடிய எதற்கும் அது பொருந்தாது. இன்னது எப்போது நடக்கும் என்று தெரியாது, நடந்தால் அதிசயம் என்ற சலிப்போ சிரிப்போ அதற்குள் இருக்கவேண்டும். "எங்கட ஒழுங்கைக்கு லைட் போட வாறது வன்ஸ் இன் எ புளூ மூன்" என்றால் சரி. கடிதத்தில், அறிக்கையில் போட்டால் சரியில்லை. "வன்ஸ் இன் எ வைல்" அதைவிட அடிக்கடி, அதில் குறையும் இல்லை. எப்பவாவது ஒருக்கா ஐஸ்கிறீம் குடிப்பது அந்த வகை. "நவ் அன்ட் தென்" எங்கள் 'இடைக்கிடை'. "ஒஃப் அன்ட் ஒன்" என்றால் விட்டு விட்டுத் தொடர்வது, ரியூசனுக்குப் போவதும் நிற்பதும் மாதிரி.

"ஃப்ரொம் டைம் டு டைம்" தனிக்கதை. பேச்சில் அது சாதுவானது. சட்டத்துக்குள் நுழைந்தால் பல்லுக் காட்டும். ஒரு அதிகாரத்தை ஒருமுறை பயன்படுத்தினால் அது தீர்ந்துபோகுமோ என்ற பயம் பழைய ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது. அதனால் இந்தத் தொடரைச் சேர்த்தார்கள். எங்கள் சட்டங்களின் தமிழில் அது 'காலத்துக்குக் காலம்'. அமைச்சர் காலத்துக்குக் காலம் ஒழுங்குவிதிகள் ஆக்கலாம் என்றால், எப்போதாவது ஆக்குவார் என்று பொருளில்லை. வேண்டிய போதெல்லாம், வேண்டிய தடவை ஆக்கலாம் என்று பொருள். அரிதாக நடப்பது என்று நாம் வாசித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தால் நட்டம் எமக்குத்தான்.

எங்கள் மொழியும் இந்த விளையாட்டை விளையாடுகிறது. 'ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்கா' என்கிறோம். ஆடி வருடத்துக்கு ஒன்று, அமாவாசை மாதத்துக்கு ஒன்று, இரண்டும் எப்படி ஒரே அளவு? யாரும் கேட்பதில்லை. 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி ஒழுங்காகத்தான் பூக்கிறது. பூக்கள் நாம் காய் என்று நினைப்பதற்கு உள்ளே இருக்கின்றன, சின்னஞ்சிறு குளவிகள் உள்ளே போய் வருகின்றன. நாம் காணாததை நடக்கவில்லை என்று எழுதிவைத்தோம். 'ஒருக்கா வாங்கோ' என்று கூப்பிட்டால் இரண்டாம் தரம் வரக்கூடாது என்றா அர்த்தம்? இதையெல்லாம் பிழைவிடாமல் பேசுகிறோம், ஏனென்றால் யாரும் எங்களைச் சோதித்து இதைக் கற்பிக்கவில்லை.

ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர்கள் 'கடுவ', அதாவது வாள், என்பார்கள். ஆளை வெட்டுகிற சாமான் என்ற பொருளில். மொழித்தொடர்கள்தான் அந்த வாளின் கூரான பக்கம். இலக்கணத்தைப் புத்தகத்தில் படிக்கலாம், தொடர்களை அந்த மொழி பேசும் வீட்டில் வளர்ந்தால்தான் சுலபமாகப் பிடிக்கலாம். ஆகவே அதில் தடுக்கியவரைப் பார்த்துச் சிரிக்கிறவர், பெரும்பாலும் அவருடைய அறிவைப் பார்த்து அல்ல, அவர் வளர்ந்த வீட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

இந்தக் குறிப்புகளைப் போன கூட்டத்தில் வாசித்தோம். 1528, எரிமலை, பஞ்சாங்கம், சஞ்சிகை விட்ட பிழை எல்லாவற்றையும் அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அண்டைக்கு என்னைப் பாத்துச் சிரிச்ச ஆக்களுக்கு இதெல்லாம் தெரியுமோ?"

தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறோம்.