சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை

"பெரிய சட்டாம்பிள்ளையாட்டம் பேசாதே!" என்று யாரையாவது கடிந்துகொள்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இச்சொல் இன்னும் புழங்குகிறது. தனக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டு மிரட்டுகிறவன் சட்டாம்பிள்ளை. வசைச்சொல்லாகிவிட்ட இது ஒரு காலத்தில் ஒரு பொறுப்பின் பெயர். அந்தப் பொறுப்பு கப்பலேறிப் போய் இங்கிலாந்தின் பள்ளிகளை மாற்றியது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

நம் திண்ணைப் பள்ளிகளில் வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளோ பல வயதினர். ஒருவன் மணலில் 'அ' எழுதிக்கொண்டிருப்பான். இன்னொருவன் எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதிக்கொண்டிருப்பான். மூன்றாமவன் எண்சுவடியில் மாகாணி, அரைக்கால் என்று பின்ன வாய்பாட்டை நெட்டுருப் போட்டுக்கொண்டிருப்பான். ஒரே நேரத்தில் இத்தனை பாடங்களை ஒருவர் நடத்துவது எப்படி? நன்கு படிக்கும் மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவன் ஓர் அடி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அவனே சட்டாம்பிள்ளை. உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தாம் படித்த இத்தகைய பள்ளிகளைப் பற்றி எழுதியிருப்பதை வாசகர்கள் படித்திருக்கக்கூடும்.

வாத்தியாரே இல்லாமலும் இது நடந்திருக்கிறது. 1623-ஆம் ஆண்டு பியத்ரோ டெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி கன்னட நாட்டு இக்கேரியில் தங்கியிருந்தார். அங்கே ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் உட்கார்ந்து கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாடத்தைப் பாட்டாகப் பாடியபடி தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவான். மற்றவர்களும் பாடிக்கொண்டே எழுதுவார்கள். தரை நிரம்பியதும் அழித்துவிட்டுப் புது மணல் தூவுவார்கள். "மறந்துபோனால் யார் திருத்துவார்?" என்று கேட்டார் பயணி. நால்வருக்கும் ஒரே இடம் மறந்துபோக முடியாதே என்பது அவர்கள் தந்த விடை. நிகழ்தகவு பற்றிய பாடத்தில் சேர்க்கத்தக்க விடை இது என்பது என் எண்ணம்.

இப்பள்ளிகளைப் பொற்காலம் என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஒரு கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். அதன்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் இம்மாகாணத்தைச் சேர்ந்ததுதான். ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் மக்களில் படித்துக்கொண்டிருந்தோர் 1,88,000 பேர். அதாவது ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர். பெண் குழந்தைகள் மிகச் சிலரே. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. சட்டாம்பிள்ளையும் பாடம் மட்டும் சொல்லவில்லை. வாத்தியாரின் பிரம்பும் அவன் கைக்கு வந்தது. பெயர் வசையானதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். ஆசிரியர் இல்லாத வேளையில் பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் 'கிளாஸ் லீடர்' அவனுடைய வாரிசுதானே!

இனி எழும்பூருக்கு வருவோம். நம்மூரில் பொதிகை வண்டி ஏறி எழும்பூரில் இறங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த நிலையப் பகுதியில் முன்பு ஒரு கொத்தளம் இருந்தது. 1789-இல் அங்கே இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். அதன் மேற்பார்வையாளர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரர். 1787-இல் சென்னைக்கு வந்த பாதிரியார். அறிவியலிலும் ஈடுபாடு உடையவர்.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாளும் வேண்டாம், மையும் வேண்டாம்! திரும்பி வந்ததும் தம் பள்ளியின் கீழ் வகுப்பில் இதைச் செய்யச் சொன்னார். துணை ஆசிரியர் முடியாது என்று கைவிரித்தார். பெல் விடவில்லை. ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவரால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று. பிறகு வகுப்பு வகுப்பாகப் பையன்களே பாடம் நடத்தினார்கள். 1796-இல் பெல் கப்பலேறினார். மறு ஆண்டே இலண்டனில் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். இம்முறைக்குச் 'சென்னை முறை' என்றே பெயர் நிலைத்தது.

மணல் நம்மிடமிருந்து வந்தது என்பதை பெல் ஒப்புக்கொண்டார். சட்டாம்பிள்ளையை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மாணவன் மாணவனுக்குக் கற்பிப்பது தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே சொல்லிவந்தார். ஆனால் பெல்லாரிக் கலெக்டராக இருந்த கேம்பல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில், நாட்டுப் பள்ளிகளின் இம்முறை போற்றத்தக்கது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று எழுதிவிட்டார். மணலைப் பார்த்த கண்ணுக்குப் பக்கத்தில் நின்ற பையன் தென்படவில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் 1798 முதல் இதே போன்ற முறையில் பள்ளி நடத்தினார். ஓர் ஆசிரியர், பல நூறு பிள்ளைகள், இடையே சட்டாம்பிள்ளைகள். செலவு குறைவு என்றதும் நாடுகள் பல இதை ஏற்றன. அங்கேதான் சிக்கல் தொடங்கிற்று. மலிவுக்காக ஏற்ற முறை மலிவாகவே நடந்தது. விடையைச் சொல்லி ஒப்பிக்க வைப்பதற்கு மேல் சிறுவனால் என்ன செய்ய இயலும்? 1846-க்குப் பின் இங்கிலாந்திலேயே முறையான பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்கள் வந்தனர். சென்னை முறை தேய்ந்தது.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1990-களின் தொடக்கத்தில், நியூயார்க் நகரக் கல்லூரியின் வேதியியல் துறையில் இக்கருத்து மறுபிறவி எடுத்தது. முதலாண்டு வேதியியலில் தோற்பவர்கள் மிகுதி. எனவே மாணவர்களை ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும், அதே பாடத்தை அண்மையில் நன்கு முடித்த மூத்த மாணவர் ஒருவர் தலைவர். வாரம் ஒருமுறை கூடிக் கணக்குகளைப் போட வேண்டும். பேராசிரியரின் விரிவுரையும் வழக்கம்போல் நடக்கும்.

இங்கே கவனியுங்கள். குழுத் தலைவரிடம் விடைத்தாள் கிடையாது. மதிப்பெண் போடும் உரிமையும் கிடையாது. "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்பதே அவர் வேலை, அப்படிக் கேட்பதற்கு அவருக்குப் பயிற்சியும் உண்டு. பிரம்பையும் விடையையும் பிடுங்கிக்கொண்டால் சட்டாம்பிள்ளையிடம் எஞ்சுவது இதுதான்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இயற்பியலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. மாங்காய் அடிக்க ஒரு கல்லைச் செங்குத்தாக மேலே எறிகிறீர்கள். உச்சியில் அதன் திசைவேகம் சுழி. அப்போது அதன் முடுக்கம் என்ன? முதலாண்டு வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் "சுழி" என்பார்கள். 9.8 மீ/வி² என்று நான் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், நம்பமாட்டார்கள். பக்கத்திலிருப்பவன், "முடுக்கமும் சுழின்னா கல்லு அங்கேயே தொங்கணும்லடே?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது! சென்ற ஆண்டு தானும் அங்கே தடுக்கி விழுந்தவன் அவன். பள்ளம் எங்கே என்று அவனுக்கு நினைவிருக்கிறது. பல்லாண்டு பாடம் நடத்தியவருக்கு அது மறந்துபோகிறது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991 முதல் இதைத் தம் வகுப்பிலேயே செய்தார்: கேள்வி கேட்பார், தனித்தனியே விடை வாங்குவார், பக்கத்திலிருப்பவரோடு வாதாடச் செய்து மறுபடியும் விடை வாங்குவார்.

நம் பகுதிக்கு இது வேறொரு வகையிலும் முக்கியம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர் மகளும், இராஜபாளையத்து மில் தொழிலாளியின் மகனும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் இயற்பியல் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தின் முன் உட்காருகிறார்கள். 'உந்தம்' தெரியும், 'மொமெண்டம்' என்றதும் வாய் அடைத்துவிடும். அப்படி வாயடைத்தவர்களில் சிலர் இரண்டாம் பருவத்துக்குத் திரும்பி வருவதில்லை. அறுபது பேர் முன் எழுந்து கேட்கத் துணியாதவர், ஆறு பேர் நடுவே, அதுவும் தமிழில், கேட்டுவிடுகிறார். இதை என் வகுப்புகளிலேயே பார்த்துவருகிறேன்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. குழுத் தலைவரை மதிப்பெண் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலிடம் பெறுபவருக்குச் சில சமயம் பொறுமை இருப்பதில்லை. வகுப்பறை பெஞ்சுகள் ஒரே பக்கம் பார்த்திருப்பதால் நாங்கள் வராந்தாவில் வட்டமாக உட்காருகிறோம். மதிய இடைவேளைக்குப் பிந்திய பாடவேளையே ஏற்றது. மாலை நான்கரைக்கு மேல் வைத்தால், கிராமத்துப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள், அதாவது இது யாருக்குத் தேவையோ அவர்கள், வரமுடியாமல் போய்விடும்.