கோவிவனுக்கும் பெயர் உண்டு

நடுகற்களுக்குப் பேர்போனது நம் கிருஷ்ணகிரிப் பக்கம். ஆநிரை மீட்கப்போய்ப் பட்டவனுக்கு அவன் பெயரையும் அரசனின் ஆட்சியாண்டையும் வெட்டிக் கல் நட்டார்கள். அடுத்த மாவட்டமான திருவண்ணாமலையில், எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துவிட்டு எசமானனை விட்டு அகலாமல் நின்ற நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். அந்த மரியாதை 1943இல் சயாம் காட்டில் மாண்ட தமிழ்க் கூலிக்குக் கிடைக்கவில்லை.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்துத் தாலுகாக்கள். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் வசமானது. பர்மாவில் இருந்த படைக்குத் தளவாடம் அனுப்ப, சயாம் எனப்பட்ட தாய்லாந்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது லாரியோடு தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். இலவச சினிமா என்று கூட்டிக் கொட்டகைக் கதவைச் சாத்தி அள்ளிப்போனதும் உண்டு. சரக்கு வேகனில் பல நாள் பயணம், பிறகு சேற்றில் நடை. ஒழுகும் மூங்கில் குடிசை, அரிசியும் கருவாடும், 1943 மழைக்காலத்தில் காலரா. அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு அவர்களுடைய டாக்டர்களே உடனிருந்தார்கள், கணக்கு வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். கூலிகளுக்கு இரண்டும் இல்லை. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளில் இறந்தவர்கள் 12,000க்குச் சற்று மேல். ஆசியத் தொழிலாளர் சாவு ஏறத்தாழ 90,000 என்பது பொதுவான மதிப்பீடு. அது மதிப்பீடுதான், பட்டியல் இல்லை.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஐரோப்பாவில் நாஜிகள் கொன்ற யூதர்கள் அறுபது லட்சம் பேர். அவர்களில் 45 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை ஜெருசலேமின் யாத் வஷேம் நிலையம் திரட்டிவிட்டது. உறவினர் நிரப்பித் தந்த சாட்சியத் தாள்களும் ரயில் பட்டியல்களும் அங்கே உண்டு. பாட்டியின் பெட்டியில் கிடைத்த புகைப்படத்திலிருந்து ஒரு நாவலாசிரியர் குடும்ப ரகசியத்தைத் துருவத் தொடங்கினால், சரிபார்க்க ஆவணம் இருக்கிறது. சயாம் ரயிலைப் பற்றி எழுதும் தமிழருக்கோ பெரும்பாலும் காதில் விழுந்த பேச்சுதான் ஆதாரம். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய மலேசிய நாவல்களை நான் மதிப்பது இதனால்தான்: புனைகதை எழுதியதோடு, யாரும் வைக்காத பதிவேட்டையும் அவை தம் தோளில் சுமக்கின்றன. இதே ரயில்பாதையைப் பற்றி 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் நம் ஆளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் படம் பிடித்தது இலங்கையின் கிதுல்கலையில்!

ஆனால் அந்த நாவல்கள் சொல்வது போனவர்களின் கதை. அனுப்பிய வீட்டின் கதையை இங்கே யாரும் பெரிதாக எழுதவில்லை. போர் மலாயாவை எட்டியதும் அங்கிருந்து வந்த கடிதமும் மணியார்டரும் நின்றுபோயின. ஆண்டுக்கணக்கில் தகவலில்லாத ஒருவனுக்குக் கருமாதி செய்வதா வேண்டாமா? அவன் மனைவி தாலியைக் கழற்றுவதா, மறுதாலி கட்டிக்கொள்வதா? அவன் பங்கு நிலத்தை யார் பேருக்கு மாற்றுவது? வீட்டுக்குள் ஒரு பேச்சும் ஊருக்கு ஒரு பேச்சுமாக இதைத் தீர்த்துக்கொண்ட குடும்பங்கள், பிறகு அதைப் பற்றி வாய் திறக்க விரும்பியிருக்காது. நம் வட்டாரத்து வரலாற்று நாவலுக்கு இதைவிடக் கனமான கரு எனக்குத் தெரியவில்லை. திப்பு காலத்துக் கோட்டைகளையே எத்தனை முறை சுற்றிவருவது?

இன்று ஓசூர் சிப்காட்டுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள். கங்காணியின் இடத்தில் லேபர் கான்டிராக்டர். ஆள் அனுப்பிய மண் ஆள் வாங்கும் மண்ணாகிவிட்டதில், பழைய கணக்கு மறந்துபோயிற்று.

2023 மே மாதம் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பினார்கள். இறந்தவர் ஒவ்வொருவரின் பெயரையும் வெட்டத்தான் வழியில்லை. உங்கள் குடும்பத்தில் ‘மலாயாவுக்குப் போனவர், திரும்பலை’ என்று யாரைப் பற்றியாவது சொல்லக் கேட்டிருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் இந்த மாதமே கேட்டு, அவர் பெயர், ஊர், தகப்பனார் பெயர், புறப்பட்ட ஆண்டு ஆகியவற்றை எழுதி இந்த மலரின் குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.