கதைக்கருவும் கேட்கும் அவையும்



நூல் ஒன்றை இயற்றியவர் அதனை அறிஞர் அவையில் வைத்துக் குற்றங்குறை கேட்டுத் திருத்திக்கொள்வது நம்மவரின் பழைய வழக்கம். யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கோயில் மண்டபத்திலே ஒருவர் புராணம் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வாறு நாம் கேட்கும் கந்தபுராணத்துக்கே ஓர் அரங்கேற்றக் கதை உண்டு. காஞ்சிக் குமரகோட்டத்திலே கச்சியப்ப சிவாசாரியார் நூலைத் தொடங்கியவுடன், முதற் செய்யுளின் முதற் சொற்புணர்ச்சிக்கே விதி எங்கே என்று அவையில் ஒருவர் தடுத்தாராம். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்திலிருந்து விதியை எடுத்துக் காட்டிய பின்னரே அரங்கேற்றம் மேலே நடந்ததாம். இது கர்ணபரம்பரைக் கதைதான், வரலாறு அன்று. ஆயினும் நம் அவைகளின் மனப்போக்கை நன்றாகக் காட்டுகிறது. 10,000க்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட நூலை முதற் சொல்லிலேயே நிறுத்திவைத்த அவை அது!

அங்கே கதையைப் பற்றி எவரும் வினவவில்லை. சூரபன்மன் கதை எல்லோரும் அறிந்தது; சோதிக்க வேண்டியது சொல் ஒன்றே. சென்ற நூற்றாண்டிலே பேசும் படம் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. அவையின் முன் வைக்கப்படுவது எழுதி முடித்த நூல் அன்று. வாயால் நான்கு வாக்கியத்திற் சொல்லப்படும் கதைக்கரு. சொல் இன்னும் பிறக்கவேயில்லை. இத்தகைய ஒன்றைக் கேட்டு அபிப்பிராயம் கூறுவது எங்ஙனம்?

சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் இதற்கென்றே கதை இலாகா ஒன்று இருந்தது. எழுத்தாளர் சிலர் மாதச் சம்பளம் பெற்று, கூடியிருந்து கதை புனைந்து, முதலாளியாகிய எஸ்.எஸ். வாசனிடம் சொல்வார்கள். வாசன் வெறும் பணம் போடுபவர் அல்லர். ஆனந்த விகடனை நடத்தியவர். அவருடைய கதையே 1936இல் ‘சதி லீலாவதி’ என்று படமாயிற்று. கதை கேட்கும் காது அவருக்கு இருந்தது.

‘பாலநாகம்மா’, ‘மங்கம்மா சபதம்’ ஆகிய இரு படங்களும் வெற்றி பெற்ற பின்னர், கதை இலாகாவினர் அதே வழியில் வீரப்பெண் ஒருத்தியின் கதையைச் சொன்னார்கள். அவள் பெயர் சந்திரலேகா. கொடிய கொள்ளைக்காரன் ஒருவனைச் சூழ்ச்சியால் வென்று, அவன் மூக்கை அறுத்து, அந்தப் புண்ணிலே மிளகாய்த் தூளையும் அடைத்துவிடுகிறாள்! வாசனுக்குக் கதை பிடிக்கவில்லை. கோரமாகவும் அநாகரிகமாகவும் இருக்கிறதென்று தள்ளினார். ஆனால் பெயரைத் தள்ளவில்லை. ‘சந்திரலேகா’ என்ற அந்தப் பெயரையே அடுத்த படத்தின் பெயராக அறிவித்து, கதை இல்லாமலே விளம்பரமும் செய்யத் தொடங்கினார்.

நேயர்களே, இவ்விடத்திலே சிறிது நிற்க விரும்புகிறேன். மற்றொருவராயின் முழுவதையும் குப்பைக்கூடையிற் போட்டிருப்பார். அல்லது, சொன்னவர்கள் மனம் நோகாதிருக்க, மிளகாய்த் தூளை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சமாதானம் சொல்லியிருப்பார். இரண்டும் எளிது. வாசன் செய்தது அரிது. எது ஆகாது என்பதையும், அது ஏன் ஆகாது என்பதையும் சொன்னார். அதற்குள்ளே உயிருள்ள ஒன்றைக் கண்டு அதனை மட்டும் காப்பாற்றினார்.

பின்னர் மூன்று மாதமாகியும் கதை அமையவில்லை. பொறுமையிழந்த வாசன், இதனை விட்டு ‘ஔவையா’ரை எடுக்கப் போவதாகச் சொல்லி, இன்னும் ஒரு வாரமே தவணை கொடுத்தார். அவ்வேளையிலேதான் வேப்பத்தூர் கிட்டு என்பவர் ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் ‘ராபர்ட் மெக்கெயர்’ என்னும் கொள்ளைக்காரன் கதையைப் படித்தார். இருண்ட இரவு; நாட்டுப்புறப் பாதை; கொள்ளையர் வழிமறித்த வண்டியிலே ஆசனத்தின் கீழ் ஒளிந்திருக்கும் இளம்பெண். இந்த ஒரு காட்சியைப் பற்றிக்கொண்டு அவர் கதை பின்னினார், வாசன் ஒப்புக்கொண்டார். 1948 ஏப்ரலில் வெளிவந்த படத்தின் முரசு நடனத்தைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வியந்து பேசக் கேட்டிருக்கிறேன். தள்ளிவைத்த ‘ஔவையார்’ 1953இல் வந்தது.

எங்கள் யாழ்ப்பாணம் கண்டனத்துக்குப் பெயர் போன நாடு. நாவலர் காலத்து அருட்பா மருட்பா விவாதம் கடல் கடந்து நீதிமன்றம் வரை சென்றது. பதிப்பும் உரையும் செம்மையுற்றது இந்தக் கூரிய கண்ணினாலேதான். அதனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே கண்ணோடு ஒரு மாணவனின் கதைச் சுருக்கத்தைப் பார்த்தால் என்ன நேரும்? இக்காலத்தில் கைத்தொலைபேசியைக் கொண்டே பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள். போட்டி வந்தால் அரைப்பக்கத்திற் கதை எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் வருகிறார்கள். நாமோ சிவப்புப் பேனாவை எடுத்து ஒருமை பன்மை மயக்கத்தைத் திருத்திக் கொடுத்துவிடுகிறோம். சில வேளைகளில், “இது பல படங்களில் வந்ததுதானே தம்பி” என்றும் சொல்லிவிடுகிறோம். பிள்ளை மறுமுறை வருவதில்லை.

‘பல படங்களில் வந்தது’ என்பது மெய்யாகவும் இருக்கலாம். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் படமாக வந்தது. அதனை ஒரு வாக்கியத்திற் சொல்லிப் பாருங்கள்: நெடுந்தீவுக் கரைக்குத் தொழிலுக்கு வரும் மீனவர்க்கும் அவ்வூரவர்க்கும் இடையே காதலும் பகையும் விளைகின்றன. அவ்வளவு மட்டும் கேட்டால், வெளியூரான் வருகிறான், காதல் கொள்கிறான், இதில் என்ன புதுமை என்றே எவரும் கேட்பார். சற்றே பொறுத்து, “ஏன் அந்தக் காலத்தில் வருகிறார்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். வாடைக்காற்று அவர்களைக் கொண்டுவருகிறது. காற்று மாறினால் வாடியைப் பிரித்துக்கொண்டு போயாக வேண்டும். காதலுக்கும் பகைக்கும் கெடு வைப்பது கடல். நம் தீவகத்துப் பிள்ளை ஒருவன் எழுதிவந்த அரைப்பக்கத்திலே அந்தக் காற்று ஏதேனும் ஒரு மூலையில், எழுத்துப் பிழையோடு, ஒற்றைச் சொல்லாகக் கிடக்கக் கூடும்.