அம்மாபேட்டைத் தறியும் மைக்ரோகண்ட்ரோலரும்

சேலத்தின் அம்மாபேட்டை நெசவுக்குப் பெயர் போன பகுதி. பட்டுத் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியும், கீழே தொங்கும் அட்டை மாலையும் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்று பள்ளிப் பிள்ளைகள் கணினியில் வண்ணக் கட்டங்களை அடுக்கி, விரல் அளவு சிப் ஒன்றை இயக்குகிறார்கள். இந்த இரண்டுக்கும் இருநூறு ஆண்டு உறவு இருக்கிறது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

முற்காலத்தில் பூ வேலைப்பாடு உள்ள துணி நெய்ய, நெசவாளியைத் தவிர பாவு நூலைத் தூக்கிக் கொடுக்க இன்னொரு ஆளும் வேண்டும். எந்த நூல் எப்போது மேலே வரவேண்டும் என்ற கணக்கு மனிதரின் நினைவிலும் கையிலும் இருந்தது. 1804-ல் பிரான்சின் ஜோசப் மரி ஜக்கார்டு அந்தக் கணக்கை அட்டைக்கு மாற்றினார். ஓர் அட்டை என்பது ஓர் ஊடை. துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி நூலைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் நூல் கீழேயே நிற்கும். அட்டைகளை வரிசையாகக் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டிவிட்டால் அதே பூ திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். கட்ட நிரலில் 'எப்போதும்' என்ற கட்டம் செய்யும் வேலையும் இதுவேதான்!

இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தமது கணக்கீட்டு இயந்திரத்துக்கு இந்த அட்டையையே எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டையைப் பயன்படுத்தினார். 1974-ல் விற்பனைக்கு வந்த டெக்சாஸ் நிறுவனத்தின் டிஎம்எஸ் 1000 போன்ற ஆரம்பகால மைக்ரோகண்ட்ரோலர்களில் நிரலைத் தொழிற்சாலையிலேயே பதித்து விடுவார்கள். பிறகு மாற்ற முடியாது. அதற்கடுத்து வந்த சில சிப்களில் பழைய நிரலை அழிக்கப் புறஊதா ஒளியைக் காட்ட வேண்டியிருந்தது. 1990-களில்தான் மின்சாரத்தாலேயே அழித்து எழுதும் நினைவகம் சிறிய சிப்களில் பரவலானது. 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆர்டுயினோ பிறந்ததும், 2007-ல் எம்ஐடி-யிலிருந்து ஸ்க்ராட்ச் வெளியானதும் மாணவர்களுக்கு வழி திறந்தன. இந்தியாவில் 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களின் கையில் இவற்றைக் கொடுத்தன.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஓடுவது வேறு, சேமிப்பது வேறு. 2010-ல் வந்த எஸ்4ஏ போன்ற மென்பொருளில் கட்ட நிரல் கணினியில்தான் ஓடுகிறது. ஆர்டுயினோ வெறும் கை மட்டுமே. கேபிளைப் பிடுங்கினால் நிரலும் நின்றுவிடும். ஆனால் 'அப்லோட்' முறையில், கட்டங்கள் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றப்பட்டு ஃபிளாஷ் நினைவகத்தில் பதிகின்றன. ஆர்டுயினோ ஊனோவில் அதற்கு 32 கிலோபைட் இடம். கணினியைத் தூரப் போட்டுவிட்டு பேட்டரியை மாட்டினாலும் நிரல் முதலிலிருந்து ஓடும். தற்காலிகக் கணக்கு நிற்கும் ராம் 2 கிலோபைட்தான், மின்சாரம் போனால் அது காலி.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சிப்பில் பதிந்ததைப் பொதுவாகத் திரும்பக் கட்டங்களாக எடுக்க முடியாது. (மேக்கோடில் மைக்ரோபிட்டுக்கு உருவாகும் கோப்பு மூல நிரலையும் சுமந்து செல்வது விதிவிலக்கு.) எனவே கட்டங்கள் உள்ள கோப்பைக் கணினியில் தனியாகச் சேமிக்காவிட்டால், பலகை ஓடும், ஆனால் திருத்த வழியிருக்காது. வணிகவியல் படிப்பவர்களுக்குச் சொன்னால் எளிதில் புரியும்: இறுதிக் கணக்கு மட்டும் கையில் இருக்கிறது, பேரேடு தொலைந்துவிட்டது!

நெசவுத் தொழிலுக்கும் இது பொருந்தும். துளை போட்ட அட்டை மட்டும் இருந்தால் துணி நெய்யலாம். ஆனால் பூவை மாற்ற வேண்டுமென்றால் கட்டத்தாளில் வரைந்த மூல வரைபடம் வேண்டும். அது தொலைந்தால் ஒவ்வொரு அட்டையாகத் துளை எண்ணித்தான் திரும்ப வரைய வேண்டும். இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்து, அட்டையின் இடத்தில் கணினிக் கோப்பு உட்கார்ந்துவிட்டது. அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் வடிவமைப்பும் இருக்கும். நெசவாளியிடம் தறி மட்டும் இருந்தால் போதாது.

எனவே கட்டம் அடுக்கும் மாணவரும் சரி, பட்டு நெய்யும் குடும்பமும் சரி, முதலில் பத்திரப்படுத்த வேண்டியது மூலத்தைத்தான். ஓட்டம் அதற்குப் பிறகுதான்.