பெரும்பசி நோயில் பசியின்மை: லைட்ஹவுஸ் குப்பத்தை முன்வைத்து

பூனைகளின் மிகைத் தைராய்டு நோயை 1979இல் நியூயார்க்கில் மார்க் பீட்டர்சன் குழுவினரும், 1980இல் பாஸ்டனில் பத்துப் பூனைகளைக் கொண்டு ஜீன் ஹோல்ஸ்வொர்த் குழுவினரும் விவரித்தனர். அன்றிலிருந்து பாடநூல்கள் தரும் சித்திரம் ஒன்றுதான்: வயது முதிர்ந்த பூனை ஓயாமல் தின்கிறது, தின்றும் இளைக்கிறது. சிகிச்சைக்குக் காத்திருக்கும் அத்தகைய பூனை திடீரென உணவை மறுத்தால், 'தைராய்டுக்கு மருந்து தொடங்கினால் சரியாகிவிடும்' என்று பொறுத்திருப்பது வழக்கம். அந்தப் பொறுமை தவறு என்பதே என் வாதம். பெரும்பசியைத் தரும் நோயில் பசி போனால், பெரும்பாலும் அது இன்னொரு நோயின் குரல்.

சோர்ந்து கிடந்து உணவை மறுக்கும் ஒரு வகை இந்நோயிலேயே உண்டு என்பது உண்மை. ஆனால் அது சிறுபான்மை. அங்கும் இதய நோயோ வேறு பிணியோ உடனிருப்பது சாதாரணம். மிகுந்த தைராய்டு சுரப்பு சிறுநீரகத்தின் வழியே இரத்தத்தை வேகமாக ஓட்டி, அங்குள்ள பழுதை இரத்தப் பரிசோதனையில் மறைத்துவிடும். உடனிருக்கும் நோய் முற்றினால் தைராக்சின் அளவும் இயல்பு எல்லைக்குள் இறங்கிவிடக்கூடும். ஆகவே, சாப்பிடாத பூனையிடம் கிடைக்கும் 'இயல்பான' எண்ணை நம்பி நோயில்லை என்று எழுதிவிட முடியாது.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே மணல் திட்டில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. நகரத்துப் பூனைக்குக் கிண்ணம் உண்டு. மிச்சம் கண்ணில் படும். கரையோரப் பூனை வலை உதறும் இடத்திலும் மீன் அரியும் இடத்திலும் தின்று திரிகிறது. அது எவ்வளவு தின்றது என்று யாருக்கும் தெரியாது. பசியின்மை இங்கே தாமதமாகவே கண்டறியப்படும்.

மீனும் காரணமாகலாம். நெத்திலி வகையைச் சேர்ந்த சில மீன்களில், பச்சையாக இருக்கும்போது, தயமினை (வைட்டமின் பி1) சிதைக்கும் தயமினேஸ் நொதி உண்டு. வேகவைத்தால் நொதி அழியும். மிகைத் தைராய்டு உடலின் தயமின் தேவையைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் முதலில் பசி போகும். பிறகு பூனை கழுத்தைத் தூக்க முடியாமல் தலையைத் தொங்கவிடும். பொட்டாசியம் குறைந்தாலும் இதே தொங்கல் வரும். பிரித்தறியப் பரிசோதனை வேண்டும். தயமின் குறைவு ஊசி மருந்துக்கு விரைவில் இணங்கும் என்பதால், அதைத் தவறவிடுவது என்னைப் பொறுத்தவரை மன்னிக்க முடியாத பிழை.

காத்திருப்பே ஆபத்தாகும் காலக்கணக்கு குறுகியது. சில நாள் உண்ணாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கத் தொடங்கும். உடல் பருத்த பூனைக்கு இது இன்னும் எளிதில் நேரும். தொடங்கிய தைராய்டு மருந்தும் பசியின்மைக்குக் காரணமாகலாம்: மெத்திமசோலும், உடலில் மெத்திமசோலாக மாறும் கார்பிமசோலும் முதல் வாரங்களில் வாந்தியையும் உணவு வெறுப்பையும் தரக்கூடும். காது மடலில் தடவும் வடிவம் வயிற்றுத் தொல்லையைக் குறைக்கும். பசியைத் தூண்டும் மிர்டாசபைனை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே தரவேண்டும். சைப்ரோஹெப்டடைனையும் அதோடு சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும்.

வீட்டார் செய்யக்கூடியது அதிகம். மீன் நிறுக்கும் தராசில், கூடையோடு வைத்து, வாரம் ஒருமுறை பூனையை நிறுக்கலாம். மூன்று கிலோ பூனை 150 கிராம் இழந்தால் அது உடலில் இருபதில் ஒரு பங்கு. முள் நீக்கி வேகவைத்த மீனை வெதுவெதுப்பாக, மணம் எழும்படி வைக்கலாம். வாயில் திணிக்கக் கூடாது; குமட்டும் பூனை அந்த உணவையே என்றைக்கும் வெறுக்கக்கூடும். கருவாட்டின் மணம் பூனையை இழுக்கும்தான்; ஆனால் இந்நோயில் இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் ஏற்கெனவே தடுமாறும்போது அதன் உப்பு வேண்டாம்.

பழவேற்காட்டிலிருந்து சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வர ஒரு நாள் வேலை போகும். அந்த நாளைச் செலவழித்து வருபவரிடம், தைராக்சின் அளவைக் கேட்பதற்கு முன், நோயாளிச் சீட்டில் முதல் வரியாக எழுதப்பட வேண்டிய கேள்வி இது: 'எத்தனை நாளாக மீனை முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது?'